பதினேழாம் எண் முத்திரையும் ஓர் ஊமை ட்ரம்பெட்டும்

பித்தளையாரிடம் நானூறு பழைய ட்ரம்பெட்டுகள் இருந்தன. வரிசையாக அடுக்கினால் ரயில் நிலையத்தில் தொடங்கித் தண்ணீர்த்தொட்டி வரை போகும். நாலு தெரு தள்ளி யாராவது ஒரு ட்ரம்பெட் பெட்டியைத் திறந்தால்கூட, மூக்கை ஒருமுறை உறிஞ்சிவிட்டு, எந்தப் பட்டறையில் எந்த ஆண்டு செய்தது என்று சொல்லிவிடுவார். சரி, நானூறு என்றது கொஞ்சம் கூடுதல்தான். பதினான்கு. வரிசையாக அடுக்கினால் கூடத்தில் தொடங்கிக் குளியலறைக் கதவு வரை போகும். மூக்கு விஷயத்தையாவது அப்படியே விட்டுவிடலாம் என்று பார்த்தால், அவருக்கு வருடத்தில் ஏழு மாதம் ஜலதோஷம்.

பித்தளையார் என்பது தெரு வைத்த பெயர். அரசாங்கம் அவருக்குக் கொடுத்தது ஓர் எண்: பதினேழு. எடை அளவு முத்திரை அலுவலகத்தில் அவர் ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கற்களையும் சோதித்து, சரியாக இருப்பவற்றின் மீது பதினேழு என்ற பொடி எண்ணைச் சுத்தியலால் பதிப்பது அவர் வேலை. அரைக் கிராம் குறைந்தாலும் விடமாட்டார். சொந்த அண்ணன் கடைத் தராசையே பறிமுதல் செய்தவர். அண்ணன் அன்று பேச்சை நிறுத்தியவர், இன்னும் தொடங்கவில்லை. பித்தளையார் அந்த மௌனத்தைப் பதக்கம் போலக் குத்திக்கொண்டு திரிந்தார்.

முதல் ட்ரம்பெட்டும் அப்படிச் சோதனைக்குப் போன இடத்தில்தான் கிடைத்தது. பழைய இரும்புக் கடை ஒன்றில் கள்ள எடைக்கல் வைத்திருந்தான் கடைக்காரன். அந்தத் தராசுத் தட்டில், உருக்கப்போகும் பித்தளையோடு பித்தளையாக, நசுங்கிய ட்ரம்பெட் ஒன்று கிடந்தது. பித்தளையார் எடைக்கல்லைப் பார்க்கக் குனிந்தார். ட்ரம்பெட்டின் இடுப்பில் பொறித்திருந்த எண்ணைப் பார்த்துவிட்டார். ஐந்து இலக்கம், நேர்க்கோட்டில், ஓர் இலக்கமும் சாயாமல். அவர் மனம் அங்கேயே விழுந்தது. இசை கேட்டு விழுந்த மனம் இல்லை அது. இசையைப் பற்றிப் பேச்செடுத்தாலே பக்கத்து வீட்டில் துணி துவைக்கிற சத்தம் கேட்டவர் போல முகத்தைச் சுளிப்பார். அவருக்குப் பிடித்தது எண்ணும் முத்திரையும்.

அதனால் அவர் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. ட்ரம்பெட்டை யாரும் ஊதக் கூடாது. மனிதன் மூச்சில் ஈரம் இருக்கிறது, எச்சில் இருக்கிறது, அது பித்தளையை உள்ளிருந்தே தின்றுவிடும் என்பார். அவரும் ஊத மாட்டார். ஊதத் தெரியவும் தெரியாது. வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டுதான் தொடுவார். ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. அதில் பட்டறை, ஆண்டு, எண், எடை. கடைசி வரியில், அடிக்கோடிட்டு, ‘ஊதப்படாதது’. நாலாம் நம்பர்தான் இருப்பதிலேயே அரியது. அதற்குக் காற்றுகூடப் படக் கூடாது என்று, வாங்கிய வாரத்தில் பெட்டியை மூடியவர் பிறகு திறக்கவே இல்லை. ஆண்டு முடிவில் பதினான்கு பெட்டிகளையும் தராசில் வைத்து, அட்டையில் உள்ள எடையோடு ஒத்துப்பார்ப்பார். ஒரு கிராம் கூடியதில்லை, ஒரு கிராம் குறைந்ததில்லை.

அறையில் ஈரமானி ஒன்றும் மாட்டியிருந்தார். முள் எவ்வளவு தூரம் போனது என்று ஒரு காகிதச் சுருளில் தானே கோடு போடும் கருவி அது. அதில் ஒரு விந்தை. வேலை நாட்களில், காலை பத்தரைக்கும் பதினொன்றரைக்கும் நடுவே, முள் லேசாக ஏறி இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை ஏறுவதில்லை. அவர் விடுப்பில் இருக்கும் நாட்களிலும் ஏறுவதில்லை. இதை மூன்று வருடம் ஆராய்ந்து, ‘அலுவலக நாள் ஈரக்காற்று’ என்று பெயரும் வைத்துவிட்டார். கீழ்வீட்டுக்காரர் ஒருமுறை மாடிப்படியில் மறித்து, “சார், உங்க வீட்டு பத்தரை மணிக் கச்சேரி பிரமாதம்” என்றபோது, “ரேடியோவைச் சத்தமா வைக்காதன்னு சொல்லிடறேன்” என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார்.

வீடு இரண்டாவது மாடி. படுக்கையறை இரண்டு. ஒன்றில் அவரும் மனைவியும். வெளிச்சமும் காற்றும் வருகிற மற்றொன்றில் பதினான்கு பெட்டிகள், ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போட்டுக்கொண்டு. மனைவி பள்ளிச் சீருடை தைப்பவள். அவள் தையல் மெஷின் நடைபாதையில், செருப்பு அலமாரிக்கும் குளியலறைக் கதவுக்கும் இடையே இருந்தது. யார் குளியலறைக்குப் போனாலும் அவள் எழுந்து, மெஷினின் பக்கப்பலகையை மடக்கி, அவர்கள் வரும்வரை நின்று, மறுபடி விரிக்க வேண்டும். வெட்டுவது சாப்பாட்டு மேசையில். ஆறு வருடத்துக்கு முன்பு, சிறுகச் சிறுகச் சேர்த்தேன் என்று சொல்லி மோட்டார் வைத்த புது மெஷின் வாங்கியவள், அதற்கும் இடமில்லாமல் அதே நடைபாதையில்தான் வைத்தாள்.

“என்னங்க, அந்தப் பித்தளைக்கு ஜன்னல் எதுக்கு? திரை போட்டுத்தான வச்சிருக்கீங்க.”

“அதுக்கு வெளிச்சம் ஆகாது.”

“எனக்கு வெளிச்சம் வேணும். ரெண்டு பேரும் எடம் மாத்திக்கலாமே.”

“குளியலறைப் பக்கம் ஈரம்.”

“எனக்கு மட்டும் ஈரம் ஆகுமா?”

“நீ என்ன பித்தளையா?”

இந்தப் பேச்சு பத்தொன்பது வருடமாக, வாரத்துக்கு ஒன்று வீதம் நடந்தது.

ஊமை ட்ரம்பெட் வந்த பிறகுதான் இதற்கு ஒரு முடிவு வந்தது.

மூடிப்போன ஒரு நடன விடுதியின் சாமான்களை விற்றபோது, ஓர் அலமாரிக்குள் கிடந்தது அது. பதினான்காவது. பித்தளையார் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, தும்மிக்கொண்டே கழற்றி, தும்மிக்கொண்டே எண்ணெய் போட்டு, தும்மிக்கொண்டே மாட்டினார். இரண்டு மாதம் கழித்துச் சேகரிப்பாளர் கழகக் கூட்டத்துக்கு எடுத்துப் போனார். பழைய ஊதுகருவிகளைச் சேகரிப்பவர்களின் கழகம் அது. ஒன்பது உறுப்பினர்கள், அதில் ஏழு பேருக்குள் பேச்சுவார்த்தை இல்லை. பல் மருத்துவர் ஒருவரின் காத்திருப்பு அறையில் கூடுவார்கள். பித்தளையார் கை கழுவப் போன நேரத்தில், பல் மருத்துவர் ஆசையை அடக்க முடியாமல் அதை எடுத்து ஊதிவிட்டார். சத்தம் வரவில்லை. சத்தம் கிடக்கட்டும், காற்றே போகவில்லை. சுவரில் வாயை வைத்து ஊதியது போல, கன்னம் இரண்டும் உப்பி, கண் பிதுங்கி, அதே கோலத்தில் பித்தளையாரிடம் அகப்பட்டுக்கொண்டார்.

வேறு யாராவது என்றால் ஓர் இசைக்கருவி மெக்கானிக்கைப் பார்த்திருப்பார்கள். மெக்கானிக்குகள் ஊதுவார்கள் என்பதால் பித்தளையார் அவர்களை வீட்டு வாசலில்கூட நிறுத்துவதில்லை. பதிலாக யோசித்தார். ஒரு வாரம் யோசித்து, உலகத்தில் யாரும் கண்டறியாத ஒன்றைக் கண்டறிந்தார். அணிவகுப்பு ஒத்திகைகளில் அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை தராமல், ஊதுவது போல நிற்பதற்கென்றே, உள்ளே அடைத்துச் செய்யப்பட்ட கருவி அது. பதினெட்டுப் பக்கம் எழுதினார். தலைப்பு: ‘மௌன எக்காளம்: ஒரு புதிய வகை’. கழகத்தின் காலாண்டு இதழை அச்சிடும் அச்சக முதலாளி, தானும் ஓர் உறுப்பினர் என்பதால், அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு அச்சிட்டார்.

அடுத்த இதழ் வருவதற்குள் அச்சக முதலாளியின் சேகரிப்பிலும் ஓர் ஊமை ட்ரம்பெட் அகப்பட்டது. அதன் வளைவில் ஒரு பழைய துடைப்புத்துணி சிக்கியிருந்ததை அவர் குறிப்பிடவில்லை. பல் மருத்துவரிடமும் ஒன்று அகப்பட்டது. அவரிடம் பஞ்சுக்கு என்ன குறை.

நகர அருங்காட்சியகத்திலிருந்து கடிதம் வந்தது. மௌன எக்காளத்தைப் பார்க்க ஞாயிறு பதினோரு மணிக்கு அதிகாரி வருகிறார், ஒத்துவந்தால் அருங்காட்சியகம் அதைப் பெற்றுக்கொள்ளும் என்று. பித்தளையாருக்குக் கால் தரையில் படவில்லை. அந்த மிதப்பில் ஒரு காரியம் செய்தார். அலுவலகப் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதினார்: ‘மேற்படி கருவியை ஊமை என ஏற்று அருங்காட்சியகம் பெற்றுக்கொண்டால், மேற்படி அறை ஆயுள் முழுதும் ட்ரம்பெட்டுகளுக்கே. இல்லையேல் அறை தையலுக்கு. இதன்பின் இருதரப்பும் இதுபற்றிப் பேசலாகாது.’ கையெழுத்துப் போட்டு, ஒரு பித்தளைத் தகட்டில் பதினேழை அடித்து அதையும் ஒட்டி, குளிர்பதனப்பெட்டிக் கதவில் தொங்கவிட்டார்.

மனைவி படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டாள். “தோத்தா எத்தனை மணிக்குள்ள காலி பண்ணணும்னு போடல.”

“தோக்க மாட்டேன்.”

“நேரம் போடுங்க.”

‘அன்று மாலைக்குள்’ என்று சேர்த்தார்.

ஞாயிறு காலை கைகழுவும் தொட்டி ஒழுக ஆரம்பித்தது. வருகிற விருந்தாளி ஈரத்தில் கால்வைக்கக் கூடாது என்று மனைவி தன் தம்பியைக் கூப்பிட்டாள். அவன் குழாய் வேலை செய்பவன். தலையில் முன்வழுக்கை, கையில் எப்போதும் ஒரு ஸ்பானர். உள்ளே வந்தவன், சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துண்டு விரித்துப் படுக்கவைத்திருந்த ட்ரம்பெட்டைப் பார்த்து நின்றான்.

“என்ன மச்சான், யாருக்கு உடம்பு சரியில்ல?”

“தொடாதே. கையில ஈரம்.”

“பாக்கத்தான செய்யறேன். இதுதான் அந்த ஊமையா?”

“ஆமா. உலகத்துலயே இன்னொண்ணு கெடையாது.”

“பல் டாக்டர்கிட்ட ஒண்ணு இருக்காமே, அக்கா சொன்னா.”

“அது போலி.”

“சரி, இது ஏன் ஊமை?”

“காத்து போகாது. உள்ள அடைச்சே செஞ்சிருக்கான்.”

அடைப்பு என்றதும் குழாய்க்காரன் முகம் மாறியது. அதுவரை மைத்துனனாக இருந்தவன், தொழிலாளி ஆகிவிட்டான். “மச்சான், இருபது வருஷமா அடைப்புதான் எனக்குச் சோறு போடுது. எந்த மடையனும் வேணும்னே அடைச்சு ஒரு குழாயைச் செய்ய மாட்டான்.”

“இது குழாய் இல்லடா.”

“ரெண்டு பக்கமும் ஓட்டை இருந்தா குழாய்தான்.”

பித்தளையார் கையுறையைத் தேடி அறைக்குள் போனார். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. திரும்பி வந்தபோது, ட்ரம்பெட்டில் விரலால் அழுத்துகிற மூன்று பிஸ்டன்களும் வெளியே எடுக்கப்பட்டு, துண்டின் மேல் வரிசையாகக் கிடந்தன. மைத்துனன் கைப்பேசி விளக்கை உள்ளே அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“கத்தாதீங்க மச்சான், எதுவும் உடையல. இங்க பாருங்க. மூணு பிஸ்டன்லயும் நம்பர் அடிச்சிருக்கு. ஒண்ணு, ரெண்டு, மூணு. அதது உக்கார்ற கூட்டுலயும் அதே நம்பர். நீங்க ஒண்ணாம் கூட்டுல மூணைப் போட்டிருக்கீங்க. மூணாம் கூட்டுல ஒண்ணு. நடு ஆளு மட்டும்தான் அவன் வீட்டுல இருக்கான். ஓட்டைக்கு ஓட்டை நேர் வரல, அதான் காத்து முட்டுது.”

“நம்பரா?”

“பொடி நம்பர். உங்க ஆபீஸ்ல அடிப்பீங்களே, அந்த மாதிரி.”

பித்தளையார் சட்டைப்பையிலிருந்து உருப்பெருக்கியை எடுத்தார். முப்பது வருடமாக அடுத்தவர் எடைக்கல்லில் மயிரிழைப் பிசகைக் கண்டுபிடித்த உருப்பெருக்கி. அது இப்போது அவருக்கு ஒன்றையும் மூன்றையும் ஒளிவுமறைவின்றிக் காட்டியது. அன்று தும்மிக்கொண்டே மாட்டியது ஞாபகம் வந்தது.

“மாத்திப் போட்டுரவா? ரெண்டு நிமிஷ வேலை.”

“வேண்டாம். நீ தொட்டியைப் பாரு.”

“பதினெட்டுப் பக்கம் எழுதினீங்களே, அத என்ன பண்றது?”

“தொட்டியைப் பாருன்னேன். அக்காகிட்ட மூச்சு விடாதே.”

“நான் ஏன் சொல்லப் போறேன். அடைப்பு எங்கன்னு காட்டியாச்சு. எடுக்கறதும் விடறதும் வீட்டுக்காரர் இஷ்டம். அதுதான் எங்க தொழில் தர்மம்.” ஸ்பானரை எடுத்துக்கொண்டு தொட்டிக்குக் கீழே படுத்துவிட்டான்.

மணி பத்தேகால். பித்தளையார் மூன்று பிஸ்டன்களையும் அறைக்குள் எடுத்துப் போய்க் கதவைச் சாத்தினார். மேசை இழுப்பறையில் நுண்ணிய அரம் ஒன்று இருந்தது. எண்ணை ராவிவிட்டால் எண் இல்லை. எண் இல்லாவிட்டால் பிசகும் இல்லை. பதினெட்டுப் பக்கமும் அறையும் பிழைக்கும். அரத்தை மூன்றின் மேல் வைத்தார். முத்திரை எண்ணை அரத்தால் ராவியதற்காகப் பதினோரு கடைக்காரர்களை அவர் நீதிமன்றம் ஏற்றியிருக்கிறார். ஒவ்வொருவனும் பிள்ளைகுட்டியைச் சொல்லி அழுதான். ஒருவனுக்கும் அவர் மசியவில்லை. இப்போது கை மசியவில்லை. எவ்வளவு அழுத்தியும் அரம் நகரமாட்டேன் என்றது. அரத்தை உள்ளே போட்டார். சரியாக மாட்டலாமா என்று பார்த்தார். அதற்கும் மனம் வரவில்லை. மூன்றை ஒன்றிலும் ஒன்றை மூன்றிலுமாகப் பழையபடியே போட்டு மூடினார். செய்யவும் முடியாமல் விடவும் முடியாமல் இருக்கிற நிலைக்கு அவர் அலுவலகத்தில் ‘நிலுவை’ என்று பெயர்.

பதினோரு மணிக்கு அருங்காட்சியக அதிகாரி வந்தார். தோளில் பெரிய பையும் முகத்தில் ஞாயிற்றுக்கிழமை போனதே என்ற வருத்தமுமாக ஒரு பெண்மணி. பித்தளையார் நாற்பது நிமிடம் பேசினார். பட்டறை, ஆண்டு, அணிவகுப்பு, அக்கம்பக்கத்தார் தொல்லை எல்லாம் வந்தது. குரல் மட்டும் பரீட்சையில் பார்த்து எழுதுகிறவன் குரல்.

“ஊதிப் பாக்கலாமா சார்?”

மனம் பதைக்க, கையுறைக் கையால் நீட்டினார். அம்மணி ஊதினார். கன்னம் உப்பியதே தவிர, ஒரு முனகல்கூட வரவில்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“எங்களுக்கு இதுதான் சார் வேணும். எடுத்துக்கறோம்.”

சமையலறை வாசலில் மனைவி நின்றுகொண்டிருந்தாள், கழுத்தில் அளவுநாடா. குளிர்பதனப்பெட்டிக் கதவை ஒருமுறை பார்த்துவிட்டு, நடைபாதைக்குப் போய், விருந்தாளி கை கழுவப் போவதென்றால் வழி வேண்டுமே என்று மெஷினின் பக்கப்பலகையை மடக்கினாள்.

“எந்தக் கூடத்துல வைப்பீங்க மேடம்?” பித்தளையாருக்கு உயிர் திரும்பியிருந்தது. “கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஈரமானி வைக்கணும். என்கிட்ட இருக்கு, தரேன்.”

“கண்ணாடிப் பெட்டியா? இல்ல சார், இது பிள்ளைங்க மேசைக்கு. தொட்டுப் பார், ஊதிப் பார்னு ஒரு மேசை வச்சிருக்கோம். ஒரு நாளைக்கு ஐந்நூறு பிள்ளைங்க வரும். எது கெடச்சாலும் வாயில வைக்கும். போன வருஷம் சத்தம் வர்ற ட்ரம்பெட் ஒண்ணு வச்சோம். மூணாம் நாள் காவலாளி ராஜினாமா எழுதிக்கிட்டு வந்துட்டார். இதுன்னா எவ்வளவு வேணா ஊதட்டும், சத்தமே இல்ல.”

பித்தளையார் கணக்கில் புலி. ஒரு வாய்க்கு ஒரு துளி எச்சில் என்றாலும் ஐந்நூறு துளி, இருபத்தைந்து மில்லி. வாரத்துக்கு ஆறு நாள். வருடத்துக்கு ஏழு லிட்டர் எண்ணூறு மில்லி. அவர் கண்முன்னே அந்தப் பித்தளை உள்ளிருந்து கரைந்து ஓடியது. நடைபாதையில் மனைவி நின்றுகொண்டே இருந்தாள். அவளுடைய பத்தொன்பது வருட முதுகுவலியைக் கண்டு அவர் மனம் இளகியது என்று எழுத எனக்கும் ஆசைதான். இளக்கியது எச்சில்.

“மேடம், இது ஊமை இல்ல.”

“இப்பத்தான நானே ஊதிப் பாத்தேன்?”

“பிஸ்டனை மாத்தி மாட்டிட்டேன். நான்தான். ஒண்ணுல மூணு, மூணுல ஒண்ணு.”

தொட்டிக்குக் கீழே ஸ்பானர் சத்தம் நின்றது.

பித்தளையார் அந்த அம்மாள் கண்முன்னாலேயே கழற்றி, எண்ணுக்கு எண் சேர்த்து மாட்டினார். பிறகு, தன் வாழ்நாளில் முதல்முறையாக, ட்ரம்பெட்டை வாயில் வைத்து ஊதினார். ட்ரம்பெட்டில் சும்மா ஊதினால் சத்தம் வராது. உதட்டை இறுக்கி அதிரவைக்க வேண்டும். இதைப் பதினான்கு ட்ரம்பெட் வைத்திருந்தவருக்கு யாரும் சொல்லவில்லை. சூடான டீயை ஆற்றுகிற சத்தம்தான் வந்தது. மறுபடி ஊதினார். டீ இன்னும் கொஞ்சம் ஆறியது.

“பரவால்ல சார்,” என்று அம்மணி பையிலிருந்து ஒப்புதல் சீட்டை எடுத்தார். “உங்களுக்குக் குடுக்க மனசு வரல, புரியுது. ஆனா ஊமைன்னு நல்லாத் தெரியுது. இங்க ஒரு கையெழுத்து.”

“குடுங்க அத இங்க.”

மனைவி வந்து ட்ரம்பெட்டை வாங்கினாள். தோளில் கிடந்த காக்கித் துண்டுத்துணியால் வாய்வைக்கும் முனையைத் துடைத்தாள். உதட்டை ஒருமுறை நனைத்துக்கொண்டாள். பிறகு ஊதினாள். ஒரே ஒரு சுரம் என்றிருந்தால் ஏதோ தற்செயல் என்று விட்டுவிடலாம். அது படியேறுவது போல நாலு சுரம் ஏறி, உச்சியில் நின்று சுற்றிப்பார்த்து, சறுக்கிக்கொண்டு இறங்கி, கடைசிப் படியில் ஒரு குதி குதித்து நின்றது.

கீழ்வீட்டு ஜன்னல் திறந்தது. “என்னம்மா, ஞாயித்துக்கிழமையிலயே ஆரம்பிச்சிட்டீங்க? புதுசா ஒண்ணு போலருக்கு, குரல் கனமா இருக்கு.”

அறைக்குள் ஈரமானியின் முள் நகரும் சத்தம்கூடக் கேட்கும் போலிருந்தது. பித்தளையார் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

“எத்தனை நாளா?”

“எது?”

“ஊதறது.”

“உங்க ரெண்டாவது ட்ரம்பெட் வந்ததுலேருந்து. நீங்க ஆபீஸ் போனப்பறம் ஒரு மணி நேரம். குனிஞ்சே தைக்கறதுல நெஞ்சு அடைக்குது, நிமிந்து நின்னு ஊதினா சரியாப் போகுது.”

“எல்லாத்தையுமா?”

“முறை வச்சுத்தான். ஒரு நாளைக்கு ஒண்ணு. இதை மட்டும் ஒருநாள் ஊதிப் பாத்தேன், வரல. கெட்டுப்போச்சுன்னு வச்சிட்டேன். நீங்க பதினெட்டுப் பக்கம் எழுதினதும், சரி, படிச்சவர் சொல்றார்னு இருந்துட்டேன்.”

“அட்டையில ‘ஊதப்படாதது’ன்னு எழுதியிருக்கேனே.”

“பாத்தேன். கையெழுத்து முத்து முத்தா இருந்துச்சு.”

தொட்டிக்குக் கீழிருந்து மைத்துனன் தலையை நீட்டினான். “மச்சான், ஒழுகறது நின்னுடுச்சு. தொட்டியச் சொன்னேன்.”

அருங்காட்சியகத்துக்கு அந்த ட்ரம்பெட் வேண்டாம் என்றாகிவிட்டது. சத்தம் போடுகிற ட்ரம்பெட்டுக்கு அங்கே காவலாளி இல்லை. அம்மணி ஒப்புதல் சீட்டைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு, மனைவியிடம், சனிக்கிழமைகளில் வந்து பிள்ளைகளுக்கு வாசித்துக்காட்ட முடியுமா என்று கேட்டார். “சனிக்கிழமை யூனிஃபார்ம் டெலிவரி இருக்கு, பாக்கறேன்” என்றாள் மனைவி, அலுவலகக்காரர்கள் சொல்வது போல. குளிர்பதனப்பெட்டிக் கதவிலிருந்த காகிதத்தை மைத்துனன் எடுத்து, ஒவ்வொரு வரியாக, தேவைக்கு மேல் நிறுத்திப் படித்தான். ‘அன்று மாலைக்குள்’ என்ற இடம் வந்ததும் இரண்டு முறை படித்தான்.

மாலை நாலரைக்குக் கறுப்புத் திரை கழன்றது. ஐந்து மணிக்கு மெஷின் ஜன்னலடிக்குப் போனது. பதின்மூன்று ட்ரம்பெட்டுகளைப் பெட்டியிலிருந்து எடுத்து, குழாய் மாட்டும் கவ்விகளால் மைத்துனன் சுவரில் வரிசையாக மாட்டினான். பித்தளையார் ஒவ்வொரு கவ்விக்கும் ஒரு பெருமூச்சு விட்டார். நாலாம் நம்பர் பெட்டியைத் தொடப்போனவனை மனைவியே தடுத்தாள். “அத மட்டும் திறக்க வேண்டாம். அவர் கொள்கைப்படி அப்படியே இருக்கட்டும்.” பெட்டி அவள் மெஷினுக்கு அடியில் போனது. பித்தளையாருக்குக் கண் கலங்கிவிட்டது. தோற்றவனிடமும் ஒரு மரியாதை வைத்திருக்கிறாளே என்று.

தவற்றை ஒப்புக்கொண்டு நாலே வரியில் ஒரு மறுப்பு எழுதிக் கழக இதழுக்கு அனுப்பினார். அச்சக முதலாளி இடமில்லை என்று திருப்பி அனுப்பினார். அடுத்த இதழ் முழுக்க அவரும் பல் மருத்துவரும் எழுதிய ஆய்வு: ‘உலகில் எஞ்சியுள்ள இரண்டே மௌன எக்காளங்கள்’. மூன்றாவது பேசிவிட்டதால் இவை இரண்டும் முன்னைவிட அரியவை ஆகிவிட்டன. பல் மருத்துவர் கழகத் தலைவரானார். பஞ்சும் துணியும் இன்னும் உள்ளேயே இருக்கின்றன.

பித்தளையார் இன்றும் அலுவலகம் போகிறார். இன்றும் அரைக் கிராமுக்கு மசிவதில்லை. மாலையில் வந்து தையலறை வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்கிறார். அட்டைகளில் ‘ஊதப்படாதது’ என்பதைக் கோடிட்டு அடித்துவிட்டு, ‘நன்கு ஊதப்பட்டது’ என்று அதே முத்து முத்தான எழுத்தில் எழுதிவிட்டார். நாலாம் நம்பர் அட்டையை மட்டும் திருத்தவில்லை. போன ஆண்டு முடிவிலும் பெட்டியைத் தராசில் வைத்தார். எடை அச்சு அசலாக இருந்தது.

இதுவரை எழுதியதை அவர் மனைவியிடம் வாசித்துக்காட்டினேன். தையலை நிறுத்தாமல் கேட்டாள். முடிந்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“எல்லாம் சரிதான். ஆரம்பத்துல ஒரு எடத்துல மட்டும் தப்பு. பதினாலு இல்ல, பதிமூணு.”

“நாலாம் நம்பரைச் சேத்தா பதினாலுதானம்மா.”

“நாலாம் நம்பரை ஆறு வருஷம் முன்னாடியே வித்தாச்சு. இந்த மோட்டார் மெஷின் பின்ன எப்படி வந்துச்சு? பெட்டிக்குள்ள எடைக்கல்லுதான் இருக்கு, துணி சுத்தி. அவர் முத்திரை அடிச்ச கல்லு, அதனால ஒரு கிராம் பிசகாது. தாராளமா எழுதிக்கங்க. அவர் படிச்சாலும் நம்ப மாட்டார். எடை சரியா இருக்குல்ல.”